வறண்ட நீர்த்தேக்கத்தில் பெர்ச் அதிகம் மாட்டுவது ஏன்? அதன் பிறகு என்ன நடக்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். இரண்டு வருடமாக மழை பொய்த்து நீர்த்தேக்கத்தின் மட்டம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் தூண்டிலில் பெர்ச் முன்னெப்போதையும்விட அதிகமாக மாட்டுகிறது. மீன் பெருகிவிட்டதா? இந்த நேரத்தில் பிடிக்கலாமா? தண்ணீர் திரும்பினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுமா, இல்லை வெளியிலிருந்து மீன் கொண்டுவந்து விட வேண்டுமா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு: பெருகவில்லை. மீன் அப்படியே இருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. தண்ணீர் அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டது. இன்று உங்கள் தூண்டிலில் ஏறும் மீன் மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பு, அணை நிறைந்திருந்த காலத்தில் பொரித்தது. அது இந்த வறட்சியைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லாது. வறட்சி செய்த சேதம் இன்னும் மூன்று வருடம் கழித்து, தண்ணீர் நிறைந்து எல்லோரும் வறட்சியை மறந்த பிறகு, "திடீரென்று மீனே இல்லையே" என்ற புகாராக வரும். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்தக் கால இடைவெளியை ஒட்டியதுதான்.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெர்ச் என்ற பெயரில் பல மீன்கள் உலவுகின்றன. இங்கே சொல்வது ஐரோப்பிய பெர்ச்சையும் வட அமெரிக்காவின் மஞ்சள் பெர்ச்சையும். இரண்டும் ஒரே பேரினம். உடலில் குறுக்குப் பட்டைகள், முள் நிறைந்த முதுகுத் துடுப்பு, கூட்டமாகத் திரியும் பழக்கம், குளிர்ந்த நீரில் இனப்பெருக்கம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆஸ்திரேலியாவில் ரெட்ஃபின் என்று அழைக்கப்படுவது 1860-களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட ஐரோப்பிய பெர்ச்தான். தங்கப் பெர்ச், நைல் பெர்ச் ஆகியவை வேறு குடும்பங்கள்.

இப்போது அந்த "அதிகமாக மாட்டுகிறது" விஷயத்துக்கு வருவோம். பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். கணக்குக்காக அதை ஒரு கவிழ்த்த கூம்பு என்று வைத்துக்கொண்டால், ஆழம் பாதியாகும்போது நீர்ப்பரப்பு நான்கில் ஒன்றாகும், தண்ணீரின் அளவு எட்டில் ஒன்றாகும். கரையில் நின்று பார்ப்பவருக்குப் பாதி அணை மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே இருக்கும் மீனுக்கோ எட்டில் ஒரு பங்கு வீடுதான் மிச்சம். அதே எண்ணிக்கை மீன் அந்த இடத்துக்குள் நெருங்கி நிற்கிறது. அதோடு கரையோரத்துப் புல்லும் புதரும் கட்டாந்தரையாகிவிட்டதால் சிறு மீன்கள் ஒளிய இடமில்லை. பெரியவற்றுக்கு இரை தேடும் இடங்களும் சுருங்கிவிட்டன. பசியோடு ஒரே பள்ளத்தில் கூடி நிற்கும் மீன் இரையைக் கண்டதும் பாய்கிறது. பெர்ச் இயல்பிலேயே கூட்ட மீன் என்பதால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்: கூட்டம் அகப்பட்டால் ஒரு மணி நேரத்தில் கூடை நிறையும், கூட்டம் எவ்வளவு சிறியதாகிவிட்டாலும்.

இந்த மயக்கம் தூண்டில்காரர்களுக்கு மட்டும் வருவதல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் கூட்டங்கள் சுருங்கச் சுருங்க ஒரே இடத்தில் அடர்ந்து நின்றன. இழுவைப் படகுகளின் பிடிப்பு விகிதம் நன்றாகவே இருந்ததால், மீன்வளம் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டிவந்தது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்ற கணக்கு, கூட்டமாக வாழும் மீன் விஷயத்தில் மிக மோசமான சாட்சி. வறட்சிக் காலத்து நீர்த்தேக்கத்தில் அது இன்னும் மோசம்.

சேதம் நடப்பது வேறொரு இடத்தில். பெர்ச் முட்டையிடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அது புரிந்துவிடும். வசந்தத்தின் தொடக்கத்தில், நீர் சுமார் 7 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது, பெண் மீன் கரையோர ஆழமற்ற நீருக்கு வரும். முட்டைகளைத் தனித்தனியாகச் சிதறவிடாது. மடிப்பு மடிப்பாக, கூழ்போன்ற உறைக்குள் கோர்த்த ஒரே நீண்ட நாடாவாக இடும். பெரிய மீனின் நாடா 2 மீட்டர் நீளம்கூட இருக்கும். ஒரு நாடாவில் பல ஆயிரம் முட்டைகள். நல்ல பருமனான மீன் என்றால் அது பல பத்தாயிரம். கிளை, வேர், நீர்ச்செடி, மூழ்கிய புல் என்று எதையாவது சுற்றி அந்த நாடாவைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடும். பாஸ் மீனைப்போல் கூடு கட்டிக் காவல் நிற்பதில்லை. அந்தக் கூழுறையைப் பிற மீன்கள் அதிகம் தொடுவதில்லை என்பது ஒன்றுதான் பாதுகாப்பு. குளிர்நீரில் பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

சாதாரண ஆண்டுகளில் இந்த ஏற்பாடு நீர்த்தேக்கத்துக்கு நன்றாகவே பொருந்தும். பனி உருகியோ மழை பெய்தோ நீர்மட்டம் ஏறும் வேளையில்தான் பெர்ச் முட்டையிடுகிறது. பாசனத்துக்கு மதகு திறந்து மட்டம் இறங்கத் தொடங்குவதற்குள் குஞ்சு பொரித்துத் திறந்த நீருக்குப் போய்விடும். கோடை நெருங்கும்போது கூடு கட்டும் மீன்களைவிட இந்த வகையில் பெர்ச் அதிர்ஷ்டசாலி. வறட்சி ஆண்டில் இந்த அதிர்ஷ்டம் இரண்டு வழியில் கைவிடுகிறது. அணை வசந்தத்தில் நிறையவில்லை என்றால் நீர், புதரும் புல்லும் இருக்கும் மேல்கரையைத் தொடவே தொடாது. நாடாவைத் தொங்கவிட ஒன்றும் இல்லாமல் வெறும் சேற்றின்மீது கிடத்த வேண்டிவரும். காற்றடித்து அலை எழும்பினால் வண்டல் அதை மூடும், முட்டை மூச்சுமுட்டிச் சாகும். இரண்டாவது, தண்ணீர்ப் பற்றாக்குறையால் மதகை வழக்கத்தைவிட முன்பே திறந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கிய நாடா பத்து நாளில் வெயிலில் காயும். ஒரு முழு ஆண்டின் சந்ததி அப்படியே போய்விடும். அந்த ஆண்டு யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள், ஏனென்றால் அந்த ஆண்டில் மாட்டும் மீன் எல்லாம் பெரியவை.

குஞ்சு பொரித்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. பொரித்த குஞ்சு சில வாரம் திறந்த நீரில் மிதவை உயிரிகளைத் தின்று வளரும். பிறகு கரையோரத்துக்குத் திரும்பிப் பூச்சிப் புழுக்களுக்கு மாறும். அதன் பிறகுதான் சிறு மீன்களை வேட்டையாடும். நடுவில் வரும் கரையோரப் பருவம்தான் அதன் முக்கியமான படி. மட்டம் இறங்கி இறங்கிக் காய்ந்த கரையில் சேற்றுப்புழு, நத்தை, மட்டி எல்லாம் செத்துவிட்டிருக்கும். தண்ணீர் புதிதாகத் தொடும் கீழ்மட்டத்தில் அவை குடியேற ஒரு பருவமாவது ஆகும். இரையில்லாமல், ஒளிய இடமில்லாமல், முதிர்ந்த பெர்ச்சுக்கு நடுவிலேயே குஞ்சுகள் மாட்டிக்கொள்கின்றன. முதிர்ந்த பெர்ச் தன் இனத்துக் குஞ்சையே தாராளமாகத் தின்னும். நெருக்கடியில் அது இன்னும் கூடும்.

அடுத்தது வெப்பமும் ஆக்சிஜனும். 10 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9. 30 டிகிரியில் ஏழரை. தண்ணீர் சூடேறும்போது ஆக்சிஜன் குறைகிறது, அதே நேரத்தில் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து ஆக்சிஜன் தேவை கூடுகிறது. பெர்ச்சுக்குப் பிடித்த வெப்பம் 20 டிகிரியை ஒட்டியது. 30-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிறைந்த அணையில் கோடை வந்தால் மீன் கொஞ்சம் கீழே இறங்கிக் குளிர்ந்த அடுக்கில் நின்றுகொள்ளும். வறண்ட அணையில் அடியடுக்கு மெலிந்துபோயிருக்கும். பல அணைகளில் மதகு அடிமட்டத்தில் இருப்பதால் வெளியேறுவதும் அந்தக் குளிர்ந்த நீர்தான். மிச்சமிருக்கும் அடிநீரில் செத்த பாசியும் சேறும் மக்கி ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேலே சூடு, கீழே மூச்சில்லை. நடுவில் ஓரிரு மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையில் எல்லா மீனும் அடைபட்டு நிற்கும். கோடையில் எல்லாக் கூட்டமும் ஒரே ஆழத்தில் மாட்டுகிறது என்று தூண்டில்காரர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் இந்தப் பட்டையைத்தான் சொல்கிறார்கள்.

இது எப்படி முடியக்கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் மெனிண்டியில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலுமாக மூன்று முறை அங்கே மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன: தங்கப் பெர்ச், வெள்ளிப் பெர்ச், பல பத்தாண்டு வயதான மர்ரே காட், எலும்பு ஹெர்ரிங் என்று லட்சக்கணக்கில். கடும் வறட்சி, மேலிருந்து நீர்வரத்து நின்றுவிட்டது, தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் நீலப்பச்சைப்பாசி பெருகியிருந்தது, வெயிலில் மேல்நீர் சூடாகி, அடிநீர் ஆக்சிஜன் இழந்து தனி அடுக்காகப் பிரிந்திருந்தது. அதுவரை மீன்கள் மேலடுக்கில் உயிரோடுதான் இருந்தன. திடீரென்று குளிர்காற்று வீசி மேல்நீர் குளிர்ந்து கீழிறங்க, இரண்டு அடுக்கும் கலந்து முழு நீர்நிலையும் ஒரே இரவில் மூச்சற்றுப்போயிற்று. வெப்பம் தணிந்தால் மீனுக்கு நல்லது என்று நாம் நினைப்போம். அடுக்குப் பிரிந்த வறட்சி நீரில் வெப்பம் திடீரெனத் தணியும் அந்த இரவுதான் மிகவும் ஆபத்தானது. மெனிண்டி ஏரிகள் தங்கப் பெர்ச் குஞ்சுகள் வளரும் முக்கியமான நாற்றங்கால் என்பதால், அந்த இழப்பு செத்த மீன்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை.

உறைபனி விழும் பகுதிகளில் குளிர்காலத்துக்கும் இதே கதை உண்டு. பனிக்கட்டி மூடியபின் காற்றிலிருந்து ஆக்சிஜன் வராது. இருப்பதை வைத்துத்தான் வசந்தம்வரை ஓட்ட வேண்டும். தண்ணீர் குறைவென்றால் இருப்பும் குறைவு. பெர்ச் இந்த விஷயத்தில் பாஸ் போன்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். அதனால் வறட்சிக் குளிர்காலம் கழிந்தபின் பெர்ச் மட்டும் மிச்சமிருக்கும் நீர்நிலைகளும் உண்டு. அது நல்ல செய்திபோலத் தோன்றும். அதன் மறுபக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

குளிர்காலம் பற்றிப் பேசும்போது பலருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பெர்ச்சுக்கு நீண்ட குளிர் தேவை. பல மாதம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பெண் மீனின் சினை சரியாக முதிரும். குளிர்காலம் குறுகி மிதமாக இருந்தால் முட்டை சிறுத்து, பொரிக்கும் குஞ்சும் நலிந்துவிடும். வறட்சியும் வெதுவெதுப்பான குளிர்காலமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், கரையோரம் காய்வதற்கு முன்பே ஒரு அடி விழுந்துவிட்டிருக்கும்.

சரி, பிடிக்கலாமா? பிடிக்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் கூடைக்குள் போகும் மீனின் எண்ணிக்கையை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு நிறைந்த அணைக்காகப் போடப்பட்டது. குறிப்பாகக் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் வயிறு பருத்த பெண் மீன்கள் முட்டையிடும் கரைகளுக்கு அருகே கூடும்போது அவற்றை விட்டுவிடுங்கள். தண்ணீர் திரும்பும் ஆண்டில் முட்டையிட உயிரோடு இருக்கப்போகும் தாய்மீன்கள் இவைதான். அடுத்த ஐந்தாறு ஆண்டு மீன்வளம் இவற்றின் வயிற்றில்தான் இருக்கிறது. பெரிய பெண் மீன் ஒன்று சிறியது ஒன்றைவிடப் பல மடங்கு முட்டையிடும். ஆகவே எடுத்தே ஆக வேண்டும் என்றால் நடுத்தர அளவில் எடுங்கள், மிகப் பெரியவற்றை விடுங்கள்.

"பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேன்" என்று சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெர்ச் நீருக்குள் மிதந்து நிற்க உதவும் காற்றுப்பை ஒரு மூடிய பை. குடலோடு இணைந்த குழாய் அதற்கு இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து விரைவாக இழுத்து மேலே கொண்டுவந்தால் பையிலுள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், சில நேரம் இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். அப்படிப்பட்ட மீனைத் தண்ணீரில் விட்டால் மிதந்தபடியே சாகும். ஆழத்தில் பிடிப்பதானால், வேண்டிய அளவு கிடைத்ததும் நிறுத்திவிட்டுக் கரையேறுவதுதான் நேர்மை. விட்டுவிட்டு இன்னும் பிடிப்பது கொல்வதற்குச் சமம். ஆழமற்ற இடத்தில் பிடிப்பதாக இருந்தாலும், நீர் 24, 25 டிகிரியைத் தாண்டிய நாட்களில் தூண்டிலை மடக்கி வைத்துவிடுவது நல்லது.

பிடிக்கும் முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பெர்ச் கண்ணால் வேட்டையாடும் மீன். இருட்டினால் அடியில் படுத்துவிடும்; விடிந்து ஒளி பரவும்போதும் மாலை மங்கும் முன்பும் சுறுசுறுப்பாக இருக்கும். சிறிய முள், 4 முதல் 6 பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பு, சிறு ஈயக்குண்டு, மண்புழுத் துண்டு அல்லது சிறு ஜிக் (ஈயத்தலை வைத்த செயற்கை இரை) போதும். ஒரே வயதுடையவை ஒரே கூட்டமாகத் திரிவதால், விரலளவு மீனாகவே தொடர்ந்து மாட்டினால் அங்கே உட்கார்ந்திருக்காமல் இடம் மாறுங்கள். வறட்சி நேரத்தில் பழைய ஆற்றுப் பள்ளம், அதன் விளிம்பு, மூழ்கிய மேடுகள் ஆகியவற்றின் ஓரங்களில்தான் கூட்டம் நிற்கும். தண்ணீர் கலங்கியிருந்தால் கண்ணால் வேட்டையாடும் இந்த மீனுக்குப் பசியிருந்தாலும் இரை தெரியாது. தெளிந்த நீர் இருக்கும் ஓரத்தைத் தேடிப் போங்கள்.

இதைவிடப் பயனுள்ள ஒரு வேலை உண்டு. வறண்ட அணையின் அடிமண்ணில் நடந்து போய்ப் பாருங்கள். உறுதியான தரையில் மட்டும், பிளவுபட்ட சேற்றில் வேண்டாம். அடிமரங்கள், பாறைக் குவியல்கள், பழைய சாலை, மண்மேடு, ஆற்றின் வளைவு எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திரும்பினால் எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது. இன்னும் ஒரு படி மேலே போகலாம்: நீர்த்தேக்க நிர்வாகத்தின் அனுமதியோடு, வசந்தகால நீர்மட்டம் எட்டும் என்று எதிர்பார்க்கும் உயரத்தில் கிளைக் கட்டுகளை நங்கூரமிட்டுப் பதிக்கலாம். பெர்ச் நாடா தொங்குவதற்கு அது போதும். வெளிப்பட்ட சேற்றுவெளியில் விரைவாக வளரும் புல் விதைப்பதையும் பல இடங்களில் மீன்வளத் துறைகள் செய்கின்றன. நீர் ஏறும்போது அது மூழ்கி முட்டைக்கும் குஞ்சுக்கும் இடமாகிறது, மண்ணையும் கரையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வறட்சியில் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் இவை. நிறைந்த அணையில் இதற்குப் படகும் மூழ்காளரும் வேண்டும்.

அணை முழுதாகவே வற்றப்போகிறது என்றால் கணக்கு மாறும். அமெரிக்காவின் கொலராடோ போன்ற மாநிலங்களில், மீன்கள் எப்படியும் சாகப்போகின்றன என்று உறுதியானால் பிடிப்பு வரம்பை நீக்கி, பொதுமக்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அறிவிப்பார்கள். உணவு வீணாகாமல் போவது நல்லதே. ஆனால் "எப்படியும் சாகும்" என்பதை முடிவுசெய்வது ஆக்சிஜனையும் எஞ்சிய நீரையும் அளந்த துறையாக இருக்க வேண்டும், கரையில் நிற்கும் ஆவல் அல்ல. சிறிய பள்ளம் ஒன்றில் தப்பிப் பிழைக்கும் சில நூறு மீன்கள் போதும், ஒரு நீர்த்தேக்கம் மீண்டும் நிறையும்போது விதையாக.

அணைக்குக் கீழேயும் விளைவு உண்டு. 2022-ல் அமெரிக்காவில் கொலராடோ ஆற்றைக் கிளென் கேன்யன் அணை மறித்து உருவான பாவெல் ஏரியின் மட்டம் வரலாறு காணாத அளவுக்கு இறங்கியபோது, சூடான மேலடுக்கு நீர், அணையின் மின்நிலையத்துக்குத் தண்ணீர் புகும் வாய்களுக்கு அருகே வந்துவிட்டது. அந்த நீரோடு ஏரியின் ஸ்மால்மவுத் பாஸ் மீன்களும் அணையைத் தாண்டின; அந்தக் கோடையில் அணைக்குக் கீழே அவற்றின் குஞ்சுகள் கண்டறியப்பட்டன. அங்கிருந்து கீழே கிராண்ட் கேன்யனில் வாழ்வது, சட்டப் பாதுகாப்பில் இருக்கும் கூன்முதுகு சப் மீன்; பாஸ் அதை வேட்டையாடிவிடும். 2024-ல் குளிர்ந்த அடிநீரைத் திட்டமிட்டுத் திறந்து, பாஸ் முட்டையிடுவதைத் தடுக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் திரும்பும்போது நடப்பதில்தான் நல்ல செய்தி இருக்கிறது. காய்ந்த சேறு காற்றுபட்டு இறுகியிருக்கும். அதில் முளைத்த புல்லும் புதரும் மூழ்கி மக்கும்போது ஊட்டச்சத்து நீரில் கலக்கும், மிதவை உயிரிகள் பெருகும், பூச்சிகள் பெருகும். புதிதாகக் கட்டிய அணையில் முதல் சில வருடம் மீன் கொழிப்பது இதே காரணத்தால்தான். மூழ்கிய புதர்க்கரை முட்டையிடுவதற்கு மிகச் சிறந்த இடமும்கூட. அந்த முதல் வசந்தத்தில் தாய்மீன்கள் போதிய அளவு இருந்து, முட்டையிட்டு முடியும்வரை மட்டமும் நிலையாக இருந்தால், ஒரே ஆண்டில் பொரித்த சந்ததி அடுத்த ஐந்து வருட மீன்பிடிப்பைத் தாங்கும்.

ஆனால் இதே வளம் இன்னொரு பக்கமும் சாயும். பாஸ், பைக், வால்ஐ போன்ற பெரிய வேட்டை மீன்கள் வறட்சியிலோ பனிமூடிய குளிர்காலத்திலோ செத்து, பெர்ச் மட்டும் மிஞ்சியிருந்தால், பொரித்த குஞ்சுகளைத் தின்று குறைக்க யாரும் இல்லை. லட்சக்கணக்கான பெர்ச் ஒரே இரைக்குப் போட்டியிட்டு, உள்ளங்கை நீளத்தைத் தாண்டாமலே முதிர்ந்து, முட்டையிட்டு, இன்னும் பெருகும். அப்படிக் குள்ளமாகிப்போன கூட்டத்தைத் திருத்துவது அழிந்த கூட்டத்தை மீட்பதைவிடக் கடினம். எனவே தண்ணீர் திரும்பிய முதல் வருடங்களில் பெரிய வேட்டை மீன்களையும் காப்பாற்ற வேண்டும். பெர்ச் பிடிப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும், ஆனால் பெரிய பெர்ச் வேண்டுமென்றால் அதைத் தின்னும் மீனும் அணையில் வேண்டும்.

இன்னொரு விஷயம், உண்பவர்களுக்காக. காய்ந்து மீண்டும் நனையும் மண்ணில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை நச்சு மிகுந்த மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது உணவுச் சங்கிலி வழியே மீனில் சேர்கிறது. மட்டம் அதிகமாக ஏறி இறங்கும் ஏரிகளில் இளம் மஞ்சள் பெர்ச்சின் உடலில் பாதரசம் கூடுதலாக இருப்பது அமெரிக்காவின் மினசோட்டாவில் பதிவாகியிருக்கிறது. அணை நிறைந்த முதல் சில வருடங்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சமைக்கும் முன் உங்கள் பகுதி மீன்வளத் துறையின் உண்ணும் அளவு அறிவுரையைப் பார்த்துவிடுங்கள்.

நிர்வாகத்திடம் கேட்பதற்கு என் கருத்தில் இரண்டே விஷயங்கள் போதும். ஒன்று, பெர்ச் முட்டையிட்டதிலிருந்து மூன்று வாரம் மட்டத்தைப் பெரிதாக இறக்காமல் வைத்திருப்பது. இரண்டு, எந்த வறட்சியிலும் அதற்குக் கீழே இறக்கமாட்டோம் என்று ஒரு குறைந்தபட்ச நீரளவை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்வது. அணை பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டப்பட்டது, மீனுக்கு அல்ல என்ற பதில் வரும். அது உண்மைதான். ஆனாலும் இது நடக்காத காரியம் அல்ல. ஐடஹோ மாநிலத்தின் காஸ்கேட் நீர்த்தேக்கம் பாசனத்துக்காக 1948-ல் அணை கட்டி உருவானது. மீனுக்கும் நீரின் தரத்துக்கும் என்று அங்கே சுமார் 3,00,000 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி) நீரைக் குறைந்தபட்ச இருப்பாக வைத்திருக்கிறார்கள். பெரிய மஞ்சள் பெர்ச்சுக்குப் பெயர்போன இடம் அது.

மீன் கொண்டுவந்து விடும் கேள்விக்கும் காஸ்கேடே பதில் வைத்திருக்கிறது. 1990-களில் அங்கே பெர்ச் ஏறத்தாழ இல்லாமலே போனது. பைக்மின்னோ என்ற வேட்டை மீன் பெருகி, பொரித்த குஞ்சையெல்லாம் தின்றுகொண்டிருந்தது. அதைப் பெருமளவில் அகற்றிவிட்டு, 2004 முதல் 2006 வரை வேறு நீர்நிலைகளிலிருந்து லட்சக்கணக்கான பெர்ச்சைக் கொண்டுவந்து விட்டார்கள், மீன்வளம் மீண்டது. அகற்றாமல் விட்டிருந்தால் விட்ட மீன் அத்தனையும் இரையாகியிருக்கும். ஆக, முதலில் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். முட்டையிட இடமில்லாமல் குறைந்திருந்தால் புதிதாக விடும் மீனும் அதே சேற்றில்தான் முட்டையிடும். ஓரளவு தாய்மீன்கள் மிச்சமிருக்கும் நீர்த்தேக்கத்தில் வெளி மீன் பெரும்பாலும் தேவைப்படாது. பல ஆயிரம் முட்டையிடும் இனம் இது, கரையையும் மட்டத்தையும் சரிசெய்தால் தானே நிரப்பிக்கொள்ளும்.

உண்மையிலேயே முழுதாக அழிந்திருந்தால் மட்டும் வெளியிலிருந்து கொண்டுவரலாம். அதுவும் துறை மூலமாக, நோய்ப் பரிசோதனைக்குப் பிறகு. 1976-ல் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் ஒரு நோய் முதிர்ந்த பெர்ச்சில் ஏறத்தாழ 98 சதவீதத்தைக் கொன்றது. ஆஸ்திரேலியாவில் 1980-களில் ரெட்ஃபின் பெர்ச்சில் கண்டறியப்பட்ட வைரஸ் ஒன்று கூட்டம் கூட்டமாகக் கொல்லக்கூடியது, டிரவுட் மீன்களுக்கும் தொற்றும். வாளியில் எடுத்துவந்து இரவோடிரவாக விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், செய்பவரைத் தெரிந்தால் தடுங்கள். பெர்ச் இயல்பாக இல்லாத நீர்த்தேக்கத்தில் அதை விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். இயல்பாக இருந்த இடமென்றால், தண்ணீர் ஏறிய முதல் வசந்தத்தில் கரையோரமாக நடந்து முட்டை நாடாக்கள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கண்ணில் பட்டவற்றின் இடத்தையும் தேதியையும் குறித்து உங்கள் பகுதி மீன்வள அலுவலகத்தில் கொடுங்கள். அந்த ஆண்டு மீன் விட வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க, தூண்டில் பிடிப்புக் கணக்கைவிட அந்தப் பட்டியல் அவர்களுக்கு அதிகம் உதவும்.